எதில் எழுதுவது? பாப்பிரஸும் அதன் போட்டியாளர்களும்

பாப்பிரஸ் என்றதும் பலருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. எகிப்தியர்கள் ஒரு நீர்ச்செடியிலிருந்து தாள் செய்தார்கள். அது எளிதில் நொறுங்கும். அதைவிட உறுதியான தோல் வந்ததும் அது பின்வாங்கியது. கடைசியில் காகிதம் வந்து இரண்டையும் ஓரங்கட்டியது. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து மனிதர்கள் முன்னால் இந்தப் பொருட்கள் இப்படி வரிசை கட்டி வந்து நிற்கவில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் நைல் கரையில் வாழ்ந்த ஓர் எழுத்தருக்குப் பாப்பிரஸ் சுருள், மெழுகு பூசிய பலகை, உடைந்த பானை ஓடு, வெறும் மரப்பலகை எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. கொஞ்சம் முயன்றால் தோலும் கிடைக்கும். எழுத வேண்டிய ஒவ்வொன்றுக்கும் அவர் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

எந்த வேலைக்கு எது பொருந்தியது என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாப்பிரஸ் உண்மையிலேயே தோற்றது ஒரே ஒரு வேலையில்: பல தலைமுறைகள் புரட்டப்போகும் பெரிய புத்தகம், அதுவும் எகிப்துக்கு வெளியே. மற்றபடி அதை விட்டு வேறொன்றை எடுத்தவர்கள், அது மோசம் என்பதற்காக எடுக்கவில்லை. அது கையில் இல்லை, அல்லது அந்த வேலைக்கு அவ்வளவு நல்ல பொருள் தேவைப்படவில்லை, அல்லது சட்டம் வேறொன்றைக் கேட்டது. அவ்வளவுதான்.

பாப்பிரஸ் எப்படிப்பட்ட பொருள்

நம் குளத்தங்கரைகளில் வளரும் கோரையின் குடும்பத்தைச் சேர்ந்த செடிதான் பாப்பிரஸ். ஆனால் 4, 5 மீட்டர் உயரம்கூட வளரும். தண்டு முக்கோண வடிவம். வெளிப்பச்சையை உரித்துவிட்டு, உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றுப்பகுதியை நீளவாக்கில் மெல்லிய பட்டைகளாகச் சீவுவார்கள். பட்டைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கி, அதன்மேல் குறுக்குவாட்டில் இன்னொரு அடுக்கு வைத்து, தட்டி அழுத்தி, வெயிலில் காயவைப்பார்கள். நைல் நதியின் கலங்கல் நீர் பசைபோல் வேலை செய்கிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி கி.பி. 1ஆம் நூற்றாண்டில் எழுதினார். இந்தக் காலத்தில் செய்து பார்த்தவர்களின் அனுபவம் வேறு: பச்சைப் பட்டைகளை நன்றாக அழுத்தினாலே போதும், தனியாகப் பசை வேண்டியதில்லை. தாளுக்கும் தாளுக்கும் இடையில் ஒட்டத்தான் மாவுப் பசை. அப்படி ஒட்டிய நீண்ட பட்டையைச் சுருட்டினால் சுருள். ஒரு சுருளில் 20 தாளுக்கு மேல் இருப்பதில்லை என்கிறார் பிளினி. தேவைப்பட்டால் இன்னும் ஒட்டி நீட்டிக்கொள்ளலாம். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ‘பெரிய ஹாரிஸ் பாப்பிரஸ்’ 40 மீட்டருக்கும் மேல் நீளம்.

இதன் வயதைக் கேட்டால் பிரமிப்புதான். சக்காராவில் ஹெமாகா என்ற அதிகாரியின் கல்லறையில், எதுவும் எழுதப்படாத ஒரு சுருள் கிடைத்தது. முதல் அரச வம்சத்தின் காலம், அதாவது ஏறத்தாழ கி.மு. 2900. எழுத்துள்ளவற்றில் நமக்குக் கிடைத்த மிகப் பழையவை செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் 2013இல் பியர் தாலேயின் குழு கண்டெடுத்த பாப்பிரஸ்கள். அவற்றில் ஒன்று மெரெர் என்ற அதிகாரி எழுதிய வேலைக்குறிப்பு. கீஸாவில் குஃபுவின் பெரிய பிரமிடுக்கு தூராவிலிருந்து சுண்ணாம்புக்கல் படகில் கொண்டுபோன விவரம் அதில் நாள் நாளாக இருக்கிறது. நாலரை ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சரக்குக் கணக்கு! நொறுங்கிப்போகும் பொருள் என்று சொல்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எல்லாப் பாப்பிரஸும் ஒரே தரம் அல்ல. அகலம், மென்மை, வெண்மை பார்த்து வகை பிரித்து விற்றார்கள். பிளினி தரும் பட்டியலில் உயர்ந்த வகைக்குப் பேரரசர் அகஸ்டஸின் பெயர், அடுத்ததற்கு அவர் மனைவி லிவியாவின் பெயர். கடைசியில் இருப்பது எழுதவே உதவாது. கடைக்காரர்கள் பொட்டலம் மடிக்க வாங்குவது. அந்த ‘அகஸ்டஸ்’ வகை மெல்லியது என்பதால் மை மறுபக்கம் தெரிந்தது. பிறகு பேரரசர் கிளாடியஸ் காலத்தில் அடி அடுக்குக்குச் சற்றுத் தடித்த பட்டை போட்டு, அகலத்தையும் ஓர் அடியாகக் கூட்டினார்கள். ஒரு தொழில் இவ்வளவு நுணுக்கமாகத் தன்னைத் திருத்திக்கொண்டது என்றால், வாங்குபவர்களும் கண்ணில் வைத்துப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

விலை? ஏதென்ஸில் எரெக்தியம் கோயில் கட்டியபோது கல்லில் பொறித்து வைத்த செலவுக்கணக்கு இருக்கிறது. கி.மு. 407 வாக்கில் இரண்டு பாப்பிரஸ் சுருள் 2 டிராக்மா 4 ஓபோலுக்கு (6 ஓபோல் ஒரு டிராக்மா) வாங்கியிருக்கிறார்கள். அதே கட்டடத்தில் ஒரு கைவினைஞரின் ஒருநாள் கூலி 1 டிராக்மா. அதாவது ஒரு சுருளுக்கு ஒன்றேகால் நாள் கூலியைவிடக் கொஞ்சம் கூட. இது கப்பலில் வந்த இறக்குமதிச் சரக்கின் விலை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்துக்கோ செல்வந்தருக்கோ இது ஒன்றுமில்லை. கூலிக்காரருக்கு யோசிக்கவேண்டிய தொகை.

அதனால்தான் யாரும் வீணாக்கவில்லை. ஒரு பக்கம் எழுதிய பாப்பிரஸின் மறுபக்கம் எப்போதும் பயன்பட்டது. அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் ‘ஏதென்ஸின் அரசமைப்பு’ என்ற நூல் பல நூற்றாண்டுகள் காணாமல் போயிருந்தது. அது கிடைத்தது எதன் பின்பக்கத்தில் தெரியுமா? கி.பி. 78-79 காலத்து எகிப்தியப் பண்ணைக் கணக்கின் பின்பக்கத்தில். பிரிட்டிஷ் மியூசியம் அதை 1891இல் வெளியிட்டபோது ஐரோப்பியக் கல்வியுலகமே அதிர்ந்தது. கணக்கு எழுதிய தாளின் முதுகை யாரோ தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் நமக்கு அந்த நூல் மிஞ்சியது. இரண்டு பக்கமும் எழுதி முடித்த தாளைக்கூட விடவில்லை. மம்மிகளுக்கு உறை செய்ய அடுக்கடுக்காக ஒட்டினார்கள். டெப்டுனிஸ் என்ற ஊரில் முதலை மம்மிகளுக்குள் அடைத்தார்கள். 1900இல் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரு ஆங்கிலேய ஆய்வாளர்களின் அகழாய்வில் ஒரு தொழிலாளி முதலை மம்மி ஒன்றை உடைத்தபோதுதான் உள்ளே பாப்பிரஸ் இருப்பது தெரிந்தது.

ரசீதுக்கு ஓட்டாஞ்சில்லே போதும்

வரி கட்டியதற்கு ஒரு ரசீது, நாலு மூட்டை கோதுமை அனுப்பச் சொல்லும் சீட்டு, பள்ளிப் பையனின் எழுத்துப் பயிற்சி. இவற்றுக்குச் சுருளில் இருந்து ஒரு துண்டு வெட்டுவானேன்? பானை உடையாத ஊர் எது? ஓட்டாஞ்சில்லுக்குக் காசு கிடையாது, மை நன்றாகப் பிடிக்கும், கறையான் தொடாது. மேல் எகிப்தில், அதாவது நாட்டின் தெற்கில், தீப்ஸ் பகுதியிலும் எலிஃபன்டைனிலும் வரி ரசீதுகள் ஆயிரக்கணக்கில் ஓட்டில்தான் கிடைத்திருக்கின்றன. வடக்கே ஃபாயூமிலும் ஆக்சிரிங்கஸிலும் அதே வகை ரசீதுகளுக்குப் பாப்பிரஸையே பெரிதும் பயன்படுத்தினார்கள். ஒரே நாடு, ஒரே வரி, ஆனால் ஊர் வழக்கம் வேறு.

கிழக்குப் பாலைவனத்தில் மோன்ஸ் கிளாடியானஸ் என்ற ரோமானியக் கல்குவாரி. நைலிலிருந்து பல நாள் பயணத் தூரம். அங்கே ஆயிரக்கணக்கான ஓட்டெழுத்துகள் கிடைத்தன: தண்ணீர்ப் பங்கீடு, சம்பளம், கடிதம், மருத்துவ விடுப்புப் பட்டியல். குவாரிக்கு எண்ணெயும் ஒயினும் வந்த ஜாடிகள் உடைந்து குவிந்து கிடந்த இடத்தில் பாப்பிரஸை வரவழைத்துச் சீட்டு எழுதுவது புத்திசாலித்தனம் அல்ல. இங்கே ஓட்டைத் தேர்ந்தெடுத்ததுதான் சரி.

இருந்தாலும் ஓட்டில் எழுதியதை மரியாதைக் குறைவாகவே மக்கள் உணர்ந்தார்கள். பிற்காலத்தில் தீப்ஸ் பகுதிக் கிறிஸ்தவத் துறவிகள் காப்டிக் மொழியில் எழுதிய ஓட்டுக் கடிதங்கள் பலவற்றில் ஒரு மன்னிப்பு வருகிறது: பாப்பிரஸ் கிடைக்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். கடிதம் ஒரு ஆளுக்குப் போகிறது. அவர் முன் நாம் எப்படி நிற்கிறோம் என்பதை அந்தப் பொருளும் சொல்கிறது. செலவை மட்டும் பார்த்து இந்தத் தேர்வை விளங்கிக்கொள்ள முடியாது.

ஒப்பந்தம் என்றால்

இங்கே விஷயம் கொஞ்சம் சிக்கலாகிறது. ஒப்பந்தத்தில் முதல் கவலை, எழுதியதை யாரும் பிறகு மாற்றிவிடக் கூடாது. பாப்பிரஸில் அப்போது பயன்பட்டது கரிமை. புகைக்கரியும் பிசினும் சேர்ந்தது. ஈரப் பஞ்சால் துடைத்தால் போய்விடும். பேரரசர் அகஸ்டஸ் ‘அஜாக்ஸ்’ என்று ஒரு நாடகம் எழுதத் தொடங்கி, பிடிக்காமல் அழித்துவிட்டாராம். நண்பர்கள் விசாரித்தபோது, அஜாக்ஸ் பஞ்சின் மேல் விழுந்து மாண்டான் என்று பதில் சொன்னதாக ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார். கிரேக்கக் கதையில் வீரன் அஜாக்ஸ் விழுந்தது தன் வாளின் மேல். எழுதுபவருக்கு இது வசதி, கடன் கொடுத்தவருக்குப் பயம்.

ரோமானியர்கள் இதற்கு வைத்திருந்த விடை மெழுகுப் பலகை. பலகையில் ஆழமில்லாத பள்ளம் தோண்டி மெழுகு ஊற்றி, இரும்பு எழுத்தாணியால் கீறுவார்கள். மெழுகு இன்னும் எளிதாக அழியுமே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் இரண்டு அல்லது மூன்று பலகைகளை முகம் பார்க்கச் சேர்த்து, நூலால் கட்டி, அந்தக் கட்டின் மேல் சாட்சிகள் முத்திரை வைப்பார்கள். உள்ளே இருக்கும் எழுத்தை முத்திரை உடைக்காமல் தொட முடியாது. வெளியே அதே வாசகம் படிப்பதற்கு வசதியாக இன்னொருமுறை எழுதப்பட்டிருக்கும். சந்தேகம் வந்தால் நீதிபதி முன் திறந்து பார்க்கலாம். பாம்பெயில் கேசிலியஸ் யுகுன்டஸ் என்ற ஏலதாரர்-வட்டிக்கடைக்காரரின் வீட்டில் 1875இல் 150க்கு மேற்பட்ட பலகைகள் கிடைத்தன. நீரோ காலத்தில் கள்ளப் பத்திரங்களைத் தடுக்க, பலகையில் துளையிட்டு நூலை மூன்றுமுறை கோத்த பிறகே முத்திரை வைக்க வேண்டும் என்று விதி வந்தது. லண்டனில் ஒரு கட்டுமானத் தளத்தில் கிடைத்த பலகைகளில் ஒன்று கி.பி. 57 ஜனவரி 8 தேதியிட்ட கடன் பத்திரம். அந்த நகரம் உருவாகிப் பத்துப் பதினைந்து ஆண்டுகூட ஆகாத காலம்.

எகிப்தில் அதே சிக்கலைப் பாப்பிரஸை வைத்தே தீர்த்தார்கள். ஒரே தாளில் வாசகத்தை இரண்டுமுறை எழுதி, மேல் பாதியைச் சுருட்டிக் கட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். கீழ்ப் பாதி திறந்திருக்கும். பிறகு பதிவு அலுவலகங்கள் வலுவான பின், அங்கே பிரதி இருந்ததால் அந்த இரட்டை எழுத்துக்கே அவசியம் குறைந்தது. எனக்கு இது மிக முக்கியமான வேறுபாடாகத் தெரிகிறது. பத்திரத்தின் பாதுகாப்பு பொருளில் இருக்க வேண்டுமா, அல்லது அதைக் காக்கும் அலுவலகத்தில் இருக்க வேண்டுமா? அலுவலகத்தை நம்ப முடிந்த இடத்தில் பாப்பிரஸ் தாராளமாகப் போதும். ஒரு பெட்டியில் நூறு பத்திரம் அடுக்கலாம், நூறு மெழுகுப் பலகைக்கு ஓர் அறை வேண்டும். கி.பி. 537இல் பேரரசர் ஜஸ்டினியன் கான்ஸ்டான்டிநோபிளின் பத்திர எழுத்தர்களுக்குப் போட்ட சட்டமும் இதே திசையில்தான் போகிறது. அதிகாரியின் பெயர் பொறித்த முதல் தாள் வெட்டப்படாமல் இருக்கும் பாப்பிரஸில்தான் பத்திரம் எழுத வேண்டும் என்றது அது. நம் முத்திரைத்தாளின் முன்னோடி என்று தயங்காமல் சொல்லலாம்.

இந்த வகைப் பாப்பிரஸ் ஒப்பந்தம் ஒன்று தமிழ் வாசகர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. வியன்னாவில் இருக்கும் ‘முசிறி பாப்பிரஸ்’. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சேர நாட்டுத் துறைமுகமான முசிறிக்குப் போய்வரும் வணிகத்துக்கு வாங்கிய கடன் பற்றி ஒரு பக்கம் பேசுகிறது. மறுபக்கம் ‘ஹெர்மபொல்லோன்’ என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பைக் கணக்கிடுகிறது. கங்கைப் பகுதி நறுமணத் தைலம், யானைத் தந்தம் எல்லாம் அதில் உண்டு. 1985இல்தான் இது அச்சில் வெளிவந்தது. அதே வணிகத்தின் தமிழ்ப் பக்கம் விட்டுச்சென்ற எழுத்து எதில் கிடைத்தது என்று பார்த்தால், எகிப்தின் குசைர் அல்-காதிம் துறைமுகத்தில் பானை ஓடுகளில்: ‘கணன்’, ‘சாதன்’ என்று தமிழ்ப் பிராமியில் பெயர்கள். பனையோலையில் அவர்கள் எழுதிய கணக்குகள் இருந்திருந்தாலும் அவை இத்தனை நாள் நிற்க வாய்ப்பில்லை. நம் ஓலைச்சுவடிகளே சில நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரதி எடுத்ததால்தான் பிழைத்தன.

கையில் இல்லாதபோது

ரோமானிய பிரிட்டனின் வடக்கு எல்லையில், பின்னாளில் ஹேட்ரியன் சுவர் எழுந்த இடத்துக்கு அருகே விண்டோலாண்டா கோட்டை. அங்கே இருந்த ரோமானிய வீரர்கள் உள்ளூர் மரத்தை அஞ்சலட்டை அளவில் மெல்லிய தகடாகச் சீவி, மையால் எழுதி, நடுவில் மடித்து அனுப்பினார்கள். 1973 முதல் அவை மண்ணிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. கி.பி. 100ஐ ஒட்டி கிளாடியா செவெரா தன் தோழி சல்பீசியா லெபிடினாவைப் பிறந்தநாளுக்கு அழைத்த கடிதமும் அதில் ஒன்று. கடைசி வரிகள் அவர் சொந்தக் கையெழுத்து. எகிப்திலிருந்து அவ்வளவு தூரம் பாப்பிரஸ் வர வேண்டும் என்று காத்திருந்தால் அந்தக் கோட்டையில் ஒரு விடுப்பு விண்ணப்பம்கூட எழுத முடியாது. காற்றுப் புகாத ஈரமண்ணில் மரம் தப்பியது. பாப்பிரஸ் அங்கே இருந்திருந்தாலும் நமக்கு மிஞ்சியிருக்காது.

மறுதலையும் உண்டு. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்தைப் பாரசீகர்கள் ஆண்டபோது, ஆளுநர் அர்ஷாமா கிழக்கே இருந்தபடி எகிப்திலுள்ள தன் நிர்வாகிகளுக்கு அனுப்பிய அரமேயக் கடிதங்கள் தோலில் இருக்கின்றன. இன்று ஆக்ஸ்ஃபோர்டில் பார்க்கலாம். அதே காலத்தில் எலிஃபன்டைன் தீவிலிருந்த யூதக் குடும்பங்கள் அதே அரமேய மொழியில் பாப்பிரஸில் எழுதிக்கொண்டிருந்தன. அனுப்புபவர் இருக்கும் ஊரில் எது கிடைக்கிறதோ அதில்தான் கடிதம் வரும்.

எழுத்தின் வடிவமும் தேர்வைக் கட்டிப்போடும். மெசபடோமியாவின் ஆப்பெழுத்தை ஈரக் களிமண்ணில் அழுத்தித்தான் எழுத வேண்டும். அதைத் தூரிகையால் பாப்பிரஸில் வரைவது வேலைக்கு ஆகாது. அதனால்தான் பாப்பிரஸின் தாயகத்திலேயே, அமர்னாவில், வெளிநாட்டு அரசர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து களிமண் பலகைகளில் கிடைத்தது. நினிவேயின் அசீரியப் புடைப்புச் சிற்பங்களில் இரண்டு எழுத்தர்கள் அருகருகே நிற்பார்கள். ஒருவர் கையில் பலகையும் எழுத்தாணியும், மற்றவர் கையில் சுருளும் பேனாவும். ஒரே கணக்கை இரண்டு மொழியில், இரண்டு பொருளில் எழுதுகிறார்கள். ஒரு பேரரசு இரண்டையும் வைத்துக்கொண்டது, ஒன்றை விட்டு ஒன்று என்று போகவில்லை.

புத்தகம்: இங்கேதான் உண்மையான போட்டி

தோலின் கதையை, இன்றைய துருக்கியில் இருந்த பெர்கமோன் நகரில் தொடங்குவது வழக்கம். அலெக்சாண்டிரியாவின் தாலமி அரசர், பெர்கமோன் அரசர் யூமெனிஸின் நூலகம் தன்னுடையதை மிஞ்சிவிடக் கூடாது என்று பாப்பிரஸ் ஏற்றுமதியை நிறுத்த, அங்கே தோலில் எழுதும் முறையைக் கண்டுபிடித்தார்கள் என்று ரோமானிய அறிஞர் வர்ரோ சொன்னதாகப் பிளினி எழுதுகிறார். கதை அழகுதான். ஆனால் கண்டுபிடிப்பு என்பதை ஏற்க முடியாது. அர்ஷாமாவின் கடிதங்கள் அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தையவை. பாப்பிரஸ் அரிதாக இருந்த காலத்தில் அயோனியக் கிரேக்கர்கள் ஆட்டுத்தோலில் எழுதினார்கள் என்று ஹெரோடோட்டஸும் சொல்கிறார். பெர்கமோன் செய்தது தயாரிப்பை மேம்படுத்தியதாக இருக்கலாம். முடியை நீக்கிய தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்து, இருபுறமும் சுரண்டி மெல்லியதாக்குவது. அப்படிச் செய்த தோல்தாள் பதனிட்ட தோலைவிட வெண்மையாகவும் வழவழப்பாகவும் இருக்கும்.

பாப்பிரஸோடு ஒப்பிட்டால் அதற்கு மூன்று நன்மைகள். இரண்டு பக்கமும் ஒரே அளவு நன்றாக எழுத வரும். பாப்பிரஸின் பின்பக்கம் நார் குறுக்கே ஓடுவதால் பேனா தட்டும். தோல் மடிப்பில் கிழியாது. ஆடு மாடு இருக்கும் எந்த ஊரிலும் செய்யலாம். இந்த மூன்றாவதைத்தான் நான் மிகப் பெரிதாக எண்ணுகிறேன். பாப்பிரஸ் பெரும்பாலும் ஒரே நாட்டிலிருந்து வந்தது. பேரரசர் திபேரியஸ் காலத்தில் விளைச்சல் குறைந்து, பாப்பிரஸைப் பங்கிட்டுக் கொடுக்க ரோமானியச் செனட் ஆட்களை நியமிக்க வேண்டியதாயிற்று. இல்லாவிட்டால் வாழ்க்கையே குழம்பியிருக்கும் என்கிறார் பிளினி. நைலில் ஒரு மோசமான வருடம் வந்தால் ரோமில் எழுத்து நின்றுபோகும் நிலை!

எதிர்ப்பக்கத்தில் தோலின் விலை. ஒரு பெரிய புத்தகத்துக்கு ஒரு மந்தையே வேண்டும். கி.பி. 4ஆம் நூற்றாண்டின் சினாய் பைபிள் பிரதியில் இன்று 400க்கு மேற்பட்ட ஏடுகள் மிஞ்சியிருக்கின்றன. முழு நூலுக்கு நூற்றுக்கணக்கான விலங்குகளின் தோல் போயிருக்கும். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் எழுதிய அமியாடினஸ் பைபிளுக்கு ஏறத்தாழ 500 கன்றுகள் என்று கணக்கிடுகிறார்கள்.

நீடிப்பு என்று வரும்போது கவனமாக ஒப்பிட வேண்டும். புதுப் பாப்பிரஸ் வளையும், சுருளும், நொறுங்காது. நாம் அருங்காட்சியகத்தில் காண்பது இரண்டாயிரம் ஆண்டு உலர்ந்தது. அதை வைத்து அன்றைய வாங்குபவரின் அனுபவத்தை மதிப்பிடக் கூடாது. ரோமானிய அரசியல் தலைவர்களான கிராக்கஸ் சகோதரர்கள் தங்கள் கையால் எழுதியவற்றை ஏறத்தாழ 200 ஆண்டுகள் கழித்துத் தானே பார்த்ததாகப் பிளினி சொல்கிறார், அதுவும் இத்தாலியில். இத்தாலியின் ராவென்னா நகரின் 5ஆம் நூற்றாண்டு முதலான நிலப் பத்திரங்கள் பாப்பிரஸில் எழுதப்பட்டு இன்றும் இருக்கின்றன. ஆக, ஐரோப்பியக் குளிரில் பாப்பிரஸ் உடனே அழிந்துவிடும் என்பது மிகை. அதன் எதிரி ஈரம். அரிஸ்டாட்டிலின் நூல்களை வாரிசுகள் நிலத்தடியில் ஒளித்து வைத்தபோது ஈரமும் பூச்சியும் அரித்துவிட்டன என்று கிரேக்க நிலவியல் எழுத்தாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். பராமரிப்பு இருந்தால் சில நூறு ஆண்டு. இல்லையென்றால் சீக்கிரம் போய்விடும். தோலுக்கு அந்தப் பொறுமை இன்னும் அதிகம்.

சாக்கடல் சுருள்களைப் பாருங்கள். 1947 முதல் கும்ரான் குகைகளில் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை தோல், சில பாப்பிரஸ், ஒன்று செம்பு. வேதநூலை எழுதத் தோலையே விரும்பிய யூதச் சமூகம் அது. அங்கே விலையோ நீடிப்போ மட்டும் முடிவு செய்யவில்லை; மரபும் சேர்ந்து முடிவு செய்தது.

ஒன்றைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். சுருளிலிருந்து மடித்துத் தைத்த புத்தகத்துக்கு மாறியது ஒரு முடிவு. பாப்பிரஸிலிருந்து தோலுக்கு மாறியது வேறொரு முடிவு. ரோமானியக் கவிஞர் மார்ஷியல் கி.பி. 1ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பயணத்துக்கு ஏற்ற சிறிய தோல் புத்தகங்களைப் பற்றிப் பாடுகிறார். ஆனால் எகிப்தில் கிறிஸ்தவர்கள் நெடுங்காலம் பாப்பிரஸையே மடித்துப் புத்தகம் தைத்தார்கள். 1945இல் நாக் ஹம்மாடியில் ஜாடிக்குள் கிடைத்த 4ஆம் நூற்றாண்டுப் புத்தகங்கள் எல்லாமே பாப்பிரஸ். மடிப்பில் தையல் நூல் தாளை அறுக்காமல் இருக்க உள்ளே சின்னத் தோல் துண்டு வைத்துத் தைப்பார்கள். அந்தத் துண்டிலேயே பாப்பிரஸின் பலவீனமும் அதற்கான தீர்வும் இருக்கின்றன. சுருளில் மடிப்பே கிடையாது, அதனால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. புத்தக வடிவம்தான் பாப்பிரஸின் மிகப் பலவீனமான இடத்தில் கை வைத்தது.

அதற்குப் பிறகு முடிவு வேகமாகத் தோலின் பக்கம் சாய்ந்தது. கி.பி. 331 வாக்கில் பேரரசர் கான்ஸ்டன்டைன் தன் புதிய தலைநகரின் தேவாலயங்களுக்கு 50 வேதநூல் பிரதிகள் வேண்டும், நன்கு தயாரித்த தோலில் எழுத வேண்டும் என்று பாலஸ்தீனத்தின் செசரியா நகர ஆயர் யூசிபியஸுக்குக் கடிதம் எழுதினார். அதே செசரியாவின் நூலகத்தில் சிதைந்துவந்த நூல்களை அகேசியஸ், யூசோயஸ் என்ற ஆயர்கள் தோலுக்கு மாற்றினார்கள் என்று திருச்சபை அறிஞர் ஜெரோம் குறிப்பிடுகிறார். இது சரியான முடிவு, ஐயமே இல்லை. தினமும் திறந்து வாசிக்கப்படும் கனமான புத்தகம், கடற்கரை நகரத்தின் ஈரக்காற்று, செலவைப் பற்றிக் கவலைப்படாத புரவலர். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் பாப்பிரஸை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

ஆனால் அந்த முடிவுக்கு ஒரு விலையும் இருந்தது. தோலுக்கு மாற்றியவை பிழைத்தன. யாரும் மாற்ற நினைக்காதவை சுருளோடு மக்கி மறைந்தன. எது தகுதியானது என்று அந்தச் சில தலைமுறைகளின் ரசனை தீர்மானித்தது. பண்டைக் கிரேக்கக் கவிஞர் சஃபோவின் பாடல்களில் நமக்குக் கிடைத்தவற்றில் பெரும்பகுதி எகிப்திய மணலிலிருந்து துண்டு துண்டாக வந்தவை. ஆக்சிரிங்கஸின் குப்பை மேடுகளில் 1896இல் கிரென்ஃபெல், ஹன்ட் தோண்டத் தொடங்கினார்கள். அங்கிருந்து வந்த துண்டுகள் 5 லட்சத்தை ஒட்டும் என்கிறார்கள். இன்னும் பெரும்பகுதி பதிப்பிக்கப்படவில்லை. இத்தாலியின் ஹெர்குலேனியத்தில் கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை கரியாக்கிய சுருள்களை இப்போது பிரிக்காமலேயே எக்ஸ்-கதிர் ஸ்கேனும் கணினியும் வைத்துப் படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

தோலின் உறுதியும் சில நூல்களுக்கு எமனாயிற்று. சுரண்டி மறுபடி எழுதலாம் என்பதால் பழைய எழுத்தை அழித்துவிடுவார்கள். ஆர்க்கிமிடிஸின் நூல்களை 10ஆம் நூற்றாண்டில் தோலில் பிரதி எடுத்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் ஒருவர் அதைச் சுரண்டி, ஏடுகளைத் திருப்பி மடித்து, மேலே பிரார்த்தனை நூல் எழுதினார். அடியிலிருந்த எழுத்தை மீட்க எக்ஸ்-கதிர் வரை போக வேண்டியிருந்தது.

காகிதம் வந்தபின்

இந்தப் பகுதி சுருக்கமானது, ஏனென்றால் இங்கே பெரிய விவாதம் இல்லை. சீனாவிலிருந்து மத்திய ஆசியா வழியாக வந்த காகிதம் 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாக்தாத்தில் தயாரானது. கந்தையிலிருந்து செய்யலாம், எந்த ஊரிலும் செய்யலாம், மடிக்கலாம், மை உள்ளே ஊறுவதால் அழித்தால் தடம் தெரியும். பாப்பிரஸின் மலிவும் தோலின் வசதியும் ஓரளவு சேர்ந்தே கிடைத்தன. எகிப்திலேயே மக்கள் மாறத் தொடங்கினார்கள். 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ஓர் அரபுக் கடிதம், பாப்பிரஸில் எழுதியதற்கு மன்னிக்கவும் என்று முடிகிறது. தீப்ஸில் பாப்பிரஸ் இல்லாததற்கு மன்னிப்புக் கேட்ட துறவிகளுக்கும் இந்தக் கடிதக்காரருக்கும் இடையில் இருப்பது சில நூற்றாண்டுகள்தான்.

ரோமில் போப்பின் அலுவலகம் மட்டும் 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை முக்கிய ஆணைகளுக்குப் பாப்பிரஸை விடவில்லை. சுற்றிலும் தோல்தாள் தாராளமாகக் கிடைத்த காலம் அது. பழைய பேரரசு எழுதிய பொருளில் எழுதும் ஆணைக்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. அந்தப் பிடிவாதம் எனக்குப் புரிகிறது, மதிக்கவும் செய்கிறேன். ஆனால் பயன் என்ற அளவில் பார்த்தால் அப்போதே தோலுக்கு மாறியிருக்கலாம். பெற்றுக்கொண்ட மடங்கள் அந்த ஆணைகளைத்தான் தங்கள் நில உரிமைக்குச் சான்றாகக் காட்ட வேண்டியிருந்தது, அவற்றில் பல இன்று துண்டுகளாகவே மிஞ்சியிருக்கின்றன. கடைசியில் அந்த அலுவலகமும் மாறியது. அதற்குள் எகிப்தின் பட்டறைகளே பெரும்பாலும் தொழிலை நிறுத்திவிட்டன, வாங்க விரும்பினாலும் விற்க ஆளில்லை.